தொப்பி தின்ற ஆடும் பெரிய வாத்தியாரும்

பெரிய வாத்தியார் எங்கள் வகுப்பு வாசலில் நின்று ஒரு சிலேற்றுப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.

வெளியே மாரிக்காலத்தின் முதல் மழை விட்டுவிட்டுத் தூறியது. மடித்த குடை அவருடைய முழங்கையில் தொங்கியது. அதன் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் சாணி மெழுகிய நிலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்புவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பிள்ளைகள்தான் அவர்கள்.

சிலேற்றில் இரண்டு வரிகள் இருந்தன. எழுத்துகள் ஒன்று மேலே ஏறியும் ஒன்று கீழே சறுக்கியும் கிடந்தன.

‘பெறிய வாத்தியார் மரத்தில தொங்குறார். ஆடு பாக்குது.’

அவர் அதை இரண்டு முறை வாசித்தார். உதடு அசைந்ததால் எனக்குத் தெரிந்தது.

“ஆர் எழுதினது?”

மூன்றாவது வாங்குப் பலகையின் ஓரத்திலிருந்து பவளம் எழுந்து நின்றாள். ஆறு வயது. சட்டையின் கீழ்க்கரையைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினாள். வகுப்பு ரீச்சரான நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் சுண்ணக்கட்டியும் கையுமாக நின்றேன். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அடி எனக்கா அவளுக்கா என்பது மட்டும் தெரியவில்லை.

“பெரிய எண்டு எழுதேக்கை சின்ன ‘ரி’ போடவேணும், பிள்ளை,” என்றார் அவர். “நீ பெரிய ‘றி’ போட்டிருக்கிறாய்.”

சிலேற்றை அவளுடைய கையில் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பித் தூறலுக்குள் இறங்கித் தன் பகுதிக்குப் போனார். குடையை விரிக்கவில்லை.

இரண்டு வாத்திமார் பள்ளிக்கூடம்

கிளிநொச்சிக்குக் கிட்டக் கண்டாவளைப் பக்கத்தில், ஒரு குடியேற்றத் திட்டத்தின் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். நீளமான ஒரே கொட்டகை. கிடுகுக் கூரை, அரைச்சுவர், நடுவே ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. அது பெரிய வாத்தியார் என்று ஊர் அழைத்த தலைமை ஆசிரியரின் பக்கம். இந்தப் பக்கம் எழுத்துப் பழகத் தொடங்கும் அரிவரியும் முதலாம் வகுப்பும். அது என் பக்கம். வேறு ஆசிரியர் கிடையாது.

எனக்கு இருபத்திரண்டு வயது. முதல் நியமனம். வடமராட்சியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு அப்பா கொண்டுவந்து விட்டுப் போனார். மகேஸ் அக்கா என்ற ஒரு குடியேற்றக்காரப் பெண்ணின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அவர்களும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து காணி கிடைத்து வந்தவர்கள்தான். காடு வெட்டி, வரம்பு கட்டி, நெல் விதைத்து, அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடத் தொடங்கியிருந்தார்கள்.

நான் அந்த வருடங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம், “அந்தக் காலம் எவ்வளவு இனிமை” என்று சிலர் கடிதம் எழுதுகிறார்கள். இனிமையாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. களைப்புத்தான் நினைவிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உவர். சோறு வெந்தால் மஞ்சளாக இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வரும். அது விட்ட பிறகும் கால் எலும்புக்குள் ஒரு குடைச்சல் நின்றுவிடும். அந்தக் காலோடு நின்று நாற்பது பிள்ளைகளுக்கு ‘அனா, ஆவன்னா’ சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளும் களைத்தவர்கள்தான். கதிர் முற்றும் காலத்தில் விடியப்புறமே வயலுக்குப் போய்த் தகரம் தட்டிக் கிளி கலைத்துவிட்டு, அதே காலோடு பள்ளிக்கு வருவார்கள். ஒன்பது மணிக்கே பாதிப் பேரின் தலை சிலேற்றின் மேல் சாயும். இடைவேளைக்குத் தின்ன ஆளுக்கொரு பணிஸ் வரும்வரை அவர்களை விழித்திருக்கச் செய்வதே என் வேலையாக இருந்தது.

அனா என்றால் என்ன?

அந்தப் பிள்ளைகள் எழுதமாட்டார்கள் என்று சொல்லமுடியாது. எழுதுவார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகிச் சிலேற்றுக்கு வந்தவர்கள். நான் கரும்பலகையில் எதைப் போட்டாலும் அச்சாக அப்படியே போடுவார்கள். ஆனால் எழுத்து ஏதோ ஒன்றைச் சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பவளம் எழுதுவதை ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ‘அ’வை வாலில் தொடங்கி, கோலம் போடுவதுபோல மேலே கொண்டுபோய்ச் சுழியில் முடித்தாள். முடிந்த பிறகு பார்த்தால் குறை சொல்ல முடியாத ‘அ’.

“இது என்ன பிள்ளை?”

“அனா.”

“அனா எண்டா என்ன?”

சிலேற்றுப் பென்சிலால் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“ரீச்சர் கீறச் சொன்னது.”

அவள் தவறாக எதுவும் சொல்லவில்லை. நான் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடம் முழுவதும் நான் செய்ததற்கு அந்தப் பதிலைவிடச் சரியான ஒரு கணக்கெடுப்பு இருக்கமுடியாது என்று பட்டது. பவளம் வாய் திறப்பதே அபூர்வம். பெரிய வாத்தியார் தட்டியைக் கடந்து வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் பிள்ளை அவள்.

கடலைச் சுருள்

ஒரு சனிக்கிழமை குளிக்கிற சவர்க்காரம் வாங்கக் கிளிநொச்சிச் சந்தைக்குப் போனேன். சந்தை வாசலில் கடலை விற்கிறவர் ஒரு பெரிய புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தார். கிழிபடப் போகும் தாளில் ஓர் ஆடு, மனிதனின் கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

“ஐயா, அதைக் கிழிக்காதேங்கோ.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கிழிக்காட்டி நான் எதிலை சுத்துறது?”

என் பையில் மகேஸ் அக்கா வீட்டுக்கென்று வாங்கிய பத்திரிகை இருந்தது. அதைக் கொடுத்தேன். எடையைக் கையில் பார்த்தார். திருப்தி. புத்தகத்தை என்னிடம் தள்ளிவிட்டார். கடைசிப் பக்கங்கள் நாலைந்து ஏற்கெனவே கடலையோடு போய்விட்டிருந்தன.

எந்த நாட்டுப் புத்தகமோ தெரியாது. ஆங்கில எழுத்துப் போலத்தான் இருந்தது. ஆனால் சில எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளிகள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எதுவும் அதில் இல்லை. படங்களுக்கு மொழி தேவைப்படவில்லை. குடை பிடித்த ஒரு தொப்பைக்காரர். அவருடைய தொப்பியை ஓர் ஆடு தின்றுவிடுகிறது. அவர் துரத்துகிறார். மாப் பீப்பாய்க்குள் விழுகிறார். ஆடு அவருடைய வீட்டுக்குள் போய் அவருடைய கதிரையில் இருந்து அவருடைய சாப்பாட்டைச் சாப்பிடுகிறது. அதே தாளின் மறுபுறமான, மிஞ்சிய கடைசிப் பக்கத்தில், குடைப்பிடி ஒரு கொப்பில் கொளுவுப்பட, அவர் மரத்தில் தொங்குகிறார். ஆடு கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. பிறகு என்ன நடந்தது என்பது கடலை தின்றவர்களுக்குத்தான் தெரியும்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துப் புரட்டி, வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி இருந்தாள்.

ஆடு என்ன சொல்லுது?

புத்தகத்தில் எழுத்து இருந்த இடமெல்லாம் வெள்ளைத் தாளை வெட்டி மாப்பசையால் ஒட்டினேன். திங்கட்கிழமை காலை முதல் படத்தைத் தூக்கிக் காட்டி, “ஆடு என்ன சொல்லுது?” என்று கேட்டேன்.

பிள்ளைகள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பாடப்புத்தகத்தில் ஆடு எதுவும் சொல்வதில்லை. அது இலை தின்னும், அவ்வளவுதான்.

பிறகு பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: “தொப்பி நல்ல ருசி எண்டு சொல்லுது.”

சிரிப்பு வெடித்தது. தட்டிக்கு அப்பால் ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு அப்படியே நின்றுபோனது. நான் அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதினேன். தாங்கள் சொன்னது பலகையில் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். எழுதியது நானல்ல, தான்தான் என்பதுபோல அந்தப் பையன் எழும்பி நின்று எல்லோரையும் பார்த்தான். அதுவரை அந்த வகுப்பில் நான் காணாத ஒன்று அது.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாளுக்கு ஒரு படம். ஆளாளுக்குச் சிலேற்றில் எழுதவேண்டும். எல்லோரையும் அதிகம் சிரிக்க வைக்கும் வசனத்தை நான் அந்த வெள்ளைத் தாளில் மையால் எழுதுவேன். எழுத்துத் தெரியாதவர்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். “ரீச்சர், ‘தொ’ எப்பிடி?” “ரீச்சர், ‘ப்பி’க்கு எத்தினை குத்து?” தூங்குகிறவர்கள் குறைந்தார்கள். எனக்கும் கால் குடைச்சல் மத்தியானம் வரை மறந்துபோனது.

‘சொல்கிறது’ என்று எழுதாமல் ‘சொல்லுது’ என்று எழுதினார்கள். ‘வரமாட்டேன்’ என்பது ‘வரமாட்டன்’ ஆனது. திருத்தத்தான் வேண்டும். பிறகு திருத்தலாம் என்று விட்டேன். முதலில் எழுதட்டும்.

நான் செய்தது

இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாம். போனால் மிச்சம் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

படத்திலிருந்த தொப்பைக்காரரைப் பார்த்த முதல் நிமிடமே எனக்குப் பெரிய வாத்தியாரின் நினைவு வந்துவிட்டது. அதே தொப்பை, அதே கறுப்புக் குடை. மழையோ வெயிலோ அவர் குடை இல்லாமல் வரமாட்டார். குட்டிக் குட்டி அடியாக வைத்து, நாலு அடிக்கு ஒருமுறை குடையை நிலத்தில் ஊன்றி நின்று, பிறகு நடப்பார்.

அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்தது. ஊரில் என் சொந்த அக்காவின் கலியாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டிருந்தேன். “ரெண்டு பேர் படிப்பிக்கிற பள்ளிக்கூடம், ரீச்சர். ஒரு நாள் எடுங்கோ,” என்று சொல்லிவிட்டு மேசையில் குனிந்துகொண்டார். தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்குக்கு நான் இல்லை. தாலி கட்டி முடிந்து பந்தியில் இருந்தபோதே பஸ்ஸைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அவர் மட்டும் வெள்ளிதோறும் மத்தியானமே யாழ்ப்பாண ரயிலுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து, பரந்தனிலிருந்து பஸ் பிடித்து, பிறகு நடந்து, பத்து மணிக்குத்தான் பள்ளிக்கு வருவார்.

அப்படி அவர் வராத ஒரு திங்கட்கிழமை காலையில், மரத்தில் தொங்கும் படத்தைக் காட்டினேன். “இவர் எப்பிடி நடக்கிறவர், ரீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் கோடு போடும் நீள அடிமட்டத்தைக் குடைபோல ஊன்றி, வயிற்றை முன்னால் தள்ளி, குட்டி அடி வைத்து வகுப்பின் குறுக்கே நடந்து காட்டினேன்.

யாருடைய பெயரையும் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டி இருக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பவளம் குனிந்து எழுதினாள். அவள் தானாக எழுதிய முதல் வசனம் அது. சிலேற்று வாங்குக்கு வாங்கு கைமாறி, சிரிப்பும் அதோடு நகர்ந்து, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் அவர் நின்றார். அன்றைக்கென்று ரயில் நேரத்துக்கு வந்திருந்தது.

குடை இல்லாமல்

அடுத்த நாள் பெரிய வாத்தியார் குடை இல்லாமல் வந்தார்.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. வேட்டியின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருக்கும். தலையில் ஒரு லேஞ்சித் துணி மட்டும் போட்டிருப்பார். என் பக்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வரவுப் புத்தகத்தைக்கூட ஒரு மாணவன் கையில் கொடுத்தனுப்பினார். வாய்க்கால் கரையில் அவர் போவதை வேலிப் படலையில் நின்று பார்த்த மகேஸ் அக்கா என்னிடம் கேட்டார்:

“ஏன் ரீச்சர் அந்த மனிசன் நனைஞ்சுகொண்டு போகுது? குடையைத் துலைச்சுப் போட்டாரோ?”

“தெரியாது அக்கா.”

“ஒண்டு குடுத்துவிடட்டே? இஞ்சை ஓலைத்தொப்பிதான் கிடக்குது.”

“வேண்டாம் அக்கா,” என்றேன். தொப்பி என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு அவர் என்னைக் கூப்பிட்டார். கொட்டகையின் அந்தலைக் கோடியில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஓர் அலுமாரி. அதுதான் கந்தோர், அவருடைய அலுவலகம். நான் போய் நின்றேன்.

“இருங்கோ, ரீச்சர்.”

இருந்தேன். மழையில் நனைந்து அவருக்குத் தடிமன் பிடித்திருந்தது. மூக்கு சிவந்திருந்தது. என் நியமனத்தை நிரந்தரமாக்கும் காகிதம் அந்த மாதம்தான் போகவேண்டும். அவருடைய குறிப்பு இல்லாமல் அது போகாது. அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்து, கைவிரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

“ஒண்டு கேப்பன். மறைக்காமல் சொல்லுங்கோ,” என்றார். “நான் அப்பிடியோ நடக்கிறனான்?”

“எப்பிடி, சேர்?”

“நீங்கள் நடந்து காட்டினியளாம். என்ரை மூண்டாம் வகுப்பு தட்டி இடைவெளிக்குள்ளாலை பாத்திருக்குது. இப்ப அதுகளும் நடக்குதுகள்.”

தரையைப் பார்த்தேன். “இல்லை, சேர். நான் சும்மா, படத்திலை இருக்கிற ஆளைப்போலை…”

“பொய் சொல்லுறியள்.” குரலில் கோபமில்லை. “என்ரை மனிசியும் முந்தி அப்பிடித்தான் நடந்து காட்டுறவ. பிள்ளையளுக்கு முன்னாலை குசினிக்குள்ளை அகப்பையை ஊண்டிக்கொண்டு. நல்லாச் செய்வா.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இப்ப ரெண்டு வருசமாப் படுக்கை. எழும்பி நடக்கேலாது.”

எனக்கு அது தெரியாது. வெள்ளிதோறும் அவர் ஏன் போகிறார் என்று ஒரு தடவையாவது கேட்டதில்லை.

“அந்தப் புத்தகத்தை ஒருக்காக் கொண்டு வாங்கோ.”

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, பதிவேடுகளுக்கு மேல் வைத்துப் பூட்டினார்.

“கல்வி அதிகாரி வாற கிழமை வாறார். அவர் வந்து போகட்டும். அதுவரைக்கும் பாடப்புத்தகத்தைப் படிப்பியுங்கோ.”

மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகள் வாய்வரை வந்தன. அவர் அதற்குள் எழும்பி ரயிலுக்குப் போக ஆயத்தமானார். நான் வகுப்புக்குத் திரும்பினேன். பிறகு கேட்கலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவில்லை.

அதிகாரிக்குத் திருப்தி

ஒரு கிழமை முழுவதும் ‘அம்மா, ஆடு, இலை, ஈட்டி’ என்று கரும்பலகையை நிரப்பினேன். பிள்ளைகள் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். “ஆடு எப்ப வரும், ரீச்சர்?” என்று முதல் இரண்டு நாள் கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டார்கள். தலைகள் திரும்பச் சாயத் தொடங்கின. பவளம் பழையபடி ‘அ’வை வாலில் தொடங்கினாள்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். சிலேற்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். “வடிவான கையெழுத்து. நல்லாப் பழக்கியிருக்கிறியள்,” என்றார். எனக்கு அழவேண்டும்போல இருந்தது. யார் வந்து பாராட்டினாலும் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது படுக்க ஒரு பாய் மட்டும்தான்.

போகும்போது ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் காட்டினார்.

“உங்கடை பெரிய வாத்தியார் உங்களைப் பற்றி ரெண்டே ரெண்டு வசனம் எழுதியிருக்கிறார். ‘வகுப்பில் சிரிப்புச் சத்தம் அதிகம். பிள்ளைகள் எழுதுகிறார்கள்.’ இது நல்லதோ கெட்டதோ எண்டு எனக்கு விளங்கேல்லை. நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“எனக்கும் தெரியாது, ஐயா,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்படித்தான் என் நியமனம் நிரந்தரமானது.

தந்தி

இரண்டு நாள் கழித்துத் தந்தி வந்தது. தபால்காரன் சைக்கிளை வாய்க்கால் மதகில் சாய்த்துவிட்டுச் சேற்றுக்குள்ளால் ஓடிவந்தான். பெரிய வாத்தியார் வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, “ரீச்சர், எல்லாரையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் போகவேணும்,” என்றார்.

“என்ன சேர்?”

“முடிஞ்சுதாம்.”

அவ்வளவுதான் சொன்னார். குட்டி அடியாக வைத்துப் போனார். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு மூன்று கிழமை நான் தனி ஆள். அரிவரியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தட்டிக்கு இரண்டு பக்கமும் ஓடினேன். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவதற்குள் முதலாம் வகுப்பு தங்களுக்குள் அடிபடும். அதைத் தீர்த்துவிட்டுத் திரும்பினால் கணக்கைப் பார்த்தெழுதியிருப்பார்கள். தொண்டை கட்டிவிட்டது. இரண்டு பேர் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் என்று அவர் அன்று சொன்னதன் பொருள் எனக்கு அந்த மூன்று கிழமையில்தான் உடம்பில் ஏறியது.

மூன்றாம் கிழமையின் ஒரு நாள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. கரும்பலகையில் எழுதத் தொடங்கி, பாதியில் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டேன். எதையும் படிப்பிக்க முடியாது என்று தெரிந்தபோது, கதிரையில் இருந்தபடியே அரிவரியைக் கேட்டேன்:

“அந்தப் புத்தகத்திலை, மரத்திலை தொங்கினவர் பிறகு எப்பிடி இறங்கினவர்? எழுதுங்கோ பாப்பம்.”

புத்தகம் அலுமாரிக்குள். அலுமாரியின் திறப்பு, அந்தச் சாவி, அவரோடு யாழ்ப்பாணத்தில். ஆனால் பிள்ளைகளுக்குப் படம் ஒவ்வொன்றும் மனப்பாடம். கொட்டகை ஒரு நிமிடத்தில் விழித்துக்கொண்டது. ஏணி வைத்து இறங்கினார் என்று ஒருத்தன். யானை வந்து தும்பிக்கையால் இறக்கிவிட்டது என்று இன்னொருத்தன். கொப்பு முறிந்து ஆட்டின் மேலேயே விழுந்தார் என்று ஒருத்தி எழுதி, தானே சிரித்துச் சிரித்துக் கண்ணீரால் சிலேற்றை நனைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சிலேற்றுப் பென்சில்களின் கீச்சுக் கீச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சத்தம் திடீரென்று நின்றது. கண்ணைத் திறந்தேன்.

இறங்கி வந்தவர்

வாசலில் அவர் நின்றார். சவரம் செய்யாத முகத்தில் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். தொப்பை இருந்த இடத்தில் சட்டை தளர்ந்து கிடந்தது. உள்ளே வராமல், போகாமல், நிலைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழும்பினேன்.

பவளம் வாங்கை விட்டு இறங்கினாள். எழுதி முடித்தால் யாரிடமாவது காட்டிச் சரி வாங்கவேண்டும் என்பது வகுப்பு வழக்கம். என்னைவிட அவர்தான் பக்கத்தில் நின்றார். தூணுக்குப் பின்னால் போய் ஒளிக்கிற அந்தப் பிள்ளை நேரே அவரிடம் போய்ச் சிலேற்றை நீட்டியது.

அவர் குனிந்து வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து வாசித்தார். வெகு நேரம் வாசித்தார். அவள் என்ன எழுதினாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

‘வாத்தியார் இறங்கி வாங்கோ. ஆட்டைக் கட்டிப்போட்டம்.’

“எந்த மரம், பிள்ளை?” என்று அவர் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் கேள்வி அது.

“புத்தகத்திலை,” என்றாள் பவளம். “உங்கடை அலுமாரிக்குள்ளை கிடக்குது.”

அவர் தலையாட்டினார். கந்தோர்ப் பக்கம் போனார். திறப்புக்கோர்வை கிலுங்கும் சத்தம் கேட்டது. புத்தகத்தோடு திரும்பி வந்து, எங்கே இருப்பது என்று பார்த்தார். என் கதிரையை முன்னால் தள்ளினேன். அவர் அதை எடுக்கவில்லை. மூன்றாவது வாங்கில், முழங்கால் நெஞ்சில் முட்ட, பவளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

“முதலிலையிருந்து சொல்லு.”

அவள் முதல் பக்கத்தைத் திறந்து, வெள்ளைத் தாளில் நான் மையால் எழுதியிருந்த வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். “தொ… ப்பி… நல்ல ருசி.” மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்கை விட்டு வந்து சுற்றி நின்றார்கள். தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் வந்துவிட்டார்கள். மாப் பீப்பாய்ப் பக்கத்தில் ஒரு பிள்ளை முதலில் சிரித்தது. அவர் எந்த இடத்தில் சிரித்தார் என்று நான் கவனிக்கவில்லை. நான் போய் அரைச்சுவரில் சாய்ந்து இருந்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி என்பது புளியமரத்தில் கட்டிய ஒரு தண்டவாளத் துண்டு. பெரிய வாத்தியார் பள்ளியில் நிற்கும் நாளில் அதை அடிக்கிறவர் அவர் ஒருவர்தான். அவர் அரிவரி வாங்கில் இருந்துவிட்டபடியால் அன்று மத்தியானம் பள்ளி விடும் மணி அடிக்கவே இல்லை. அந்த வழியாகச் சாப்பாட்டோடு வயலுக்குப் போன மகேஸ் அக்கா அரைச்சுவரால் எட்டிப் பார்த்து, “நேரம் ரெண்டாகுது, இன்னும் விடேல்லையே?” என்று கேட்கும்வரை ஒருவரும் எழும்பவில்லை.